பிளெச்சருக்கு நான் செய்துகொடுத்த முன்னோர்கள்

நண்பர்களே, தலையில் கை வைத்துச் சொல்கிறேன். இந்தக் கதையை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை.

சூடான பசையும் ஈரக் காகித மட்டையும் கலந்த ஒரு மணம்... தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் நான் வேலை பார்த்த பெட்டித் தொழிற்சாலையின் மணம் அது. ஒரே நாளில் நான் மடித்த பெட்டிகளுக்குள் ரொறன்ரோ முழுவதையும் பொதி செய்து கப்பலேற்றலாம்.

எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது அல்லவா? இமிகிரேசன் ஃபோர்மில் அந்தக் கட்டத்துக்குள் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "செல்லையா, கெதியா!" என்று கத்துவார். ஊரில் சாய்மனைக் கதிரையில் கிடந்த என் அப்பா, கனடாவில் தினமும் எட்டு மணித்தியாலம் ஏச்சு வாங்கினார்.

மெஷினின் மறுமுனையில் நின்றவர் பிளெச்சர். மனைவியை இழந்தவர். ஒரே மகள். ஒருநாள் லஞ்ச் நேரம் சான்ட்விச்சைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"செல்லையா, மகளுக்குக் கலியாணம். தகப்பன் எழும்பிப் பேசவேணும். மாப்பிள்ளை பகுதி தங்கட பேரில நீதவான், கப்டன் எண்டு அடுக்கி வச்சிருக்கினம். எனக்குப் பின்னால திரும்பிப் பாத்தால் ஒருத்தரும் இல்லை. பிள்ளைக்கு முன்னால என்னத்தைச் சொல்லுறது?"

ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் நினைவில் அவர் யாழ்ப்பாணத்தார்.

"உதுக்கே யோசிக்கிறியள்? ஒரு கிழமை தாங்கோ," என்றேன்.

வோபர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்டிய லைப்ரரியில், தலையணைத் தடிப்பில் ஒரு குடும்பப்பெயர்ப் புத்தகம் இருந்தது. பிளெச்சர் என்றால் அம்பு செய்பவர். பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயரில் ஒரு நாடக ஆசிரியரும் ஒரு பிஷப்பும் இருந்தார்களாம். நாலே வரி! நாலு வரியை நம்பி ஒரு தகப்பன் சபையில் எழும்ப முடியுமா?

மிச்சத்தை நானே பெற்றெடுத்தேன். மழை நாள் போரில், அம்பின் இறகுகளைச் சட்டைக்குள் பொத்தி வைத்து அரசனைக் காப்பாற்றிய பிளெச்சர்... கொடுங்கோலனுக்கு அம்பு தர மறுத்து, கட்டுக்கட்டாக அகப்பைக் காம்பு அனுப்பிய பிளெச்சர்... இன்னொருவர் விட்ட அம்பு இன்றைக்கும் சந்திரனில் குத்தி நிற்கிறது...

"இஞ்சருங்கோ, சந்திரனை வெட்டுங்கோ," என்றாள் மனைவி. "அந்த மனுசன் சபையில நாறப்போகுது."

வெட்டினேன். மனமில்லாமல்.

கலியாண மண்டபத்தில் பிளெச்சர் எழும்பினார். என் நாலு பக்கத்தையும் விரித்தார். நெடுநேரம் பார்த்தார்... பிறகு மடித்துப் பொக்கெற்றில் வைத்துவிட்டார்.

"என்ர சினேகிதன் எனக்கு அருமையான முன்னோரைத் தேடித் தந்தவர். ஆனா அவையில ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அம்மாவைத்தான். பத்தொன்பது வயசில தனியக் கப்பலேறி வந்து, ஆரோ ஒருத்தரின்ர வீட்டில சமைச்சவ. நான் பிறந்தன். தகப்பன் எண்டு ஒருத்தரும் வரேல்லை. அவ தன்ர பேரையே எனக்குத் தந்தவ. வெக்கத்தில இதை நான் இண்டுவரைக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. பிளெச்சர் எண்ட பேரில பெரிய ஆள் ஆர் எண்டு கேட்டால்... அவதான்."

மகளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். வெள்ளை உடுப்பை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, கலியாணம் கட்டினாலும் நான் இந்தப் பேரை மாத்தமாட்டன்," என்று அவள் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது.

மனைவி என் காதுக்குள் சொன்னாள்: "உங்கட அரசனெல்லாம் அந்த மனுசிக்குக் கிட்டவும் வரேலாது."

இப்போது எல்லாம் சுகம். ஃபோனில் பெயரைத் தட்டினால் வரலாறு வருகிறது. சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி டி.என்.ஏ சோதனைக்கு அனுப்பினால் ஏழு தலைமுறை வீட்டுக்கு வருகிறது. என்னைப் போன்ற புழுகர்களுக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் எச்சிலில் கண்டுபிடித்த முன்னோருக்காக ஒருவரும் எழுந்து நின்றதை நான் இன்னும் பார்க்கவில்லை...

சரி, சரி. இதில் முக்கால்வாசி என் கைவேலைதான். மண்டபமே எழும்பியது என்றேன். ஆறு பேர் எழும்பியிருப்பார்கள். அதில் இரண்டு பேர் நாங்கள்.

அந்தத் தாய் உண்மை.