ஊருணிக்கரைக்குப் போட்ட பூட்டு

எங்கள் ஊர் ஊருணியைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்தபோது என்னையும் அதில் சேர்த்தார்கள். ஊருணியைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியும் என்பதற்காக அல்ல. குழுவில் ஒரு பெண் இருந்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கரையை ஒட்டிய முதல் வீடு என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேரைச் சேர்ந்தாற்போல் கண்டால் வாயைத் திறக்காதவள். அதனாலேயே பொருத்தம் என்று நினைத்தார்களோ என்னவோ.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். செயலாளர் அச்சாபீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய அச்சாபீஸில், காலண்டர்க் கட்டுகளுக்கு நடுவே கூட்டம். சம்பளம் கிடையாது, டீயும் ரஸ்க்கும் உண்டு. பழையதைப் பாதுகாப்பதும் புதிதாக வருவதை ஒழுங்காக வரச் செய்வதும்தான் வேலை. குறை சொல்லக் கூடாது, நல்லதும் செய்தார்கள். ஊருணியில் பாதியைத் தூர்த்துக் கடைகள் கட்ட ஏற்பாடு நடந்தபோது, மனு மேல் மனுப் போட்டு நிறுத்தியது இவர்கள்தான்.

அந்தச் சூட்டோடு அடுத்த தீர்மானம். குப்பை கொட்டுகிறார்கள், கல்படிகள் பாழாகின்றன; ஆகவே கரையைச் சுற்றிக் கம்பிவேலி, இரண்டு பக்கமும் கேட், கேட்டுக்குப் பூட்டு. தலைவர் வாசித்து முடித்து, "ஆட்சேபணை உண்டா?" என்றார். எங்கள் பக்கம் சபையில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். நான் பேசாமல் இருந்தேன். நோட்டை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாயிருக்கிறது என்று அண்ணாச்சி பாராட்டவும் செய்தார்.

வேலி வந்த மறுநாள்தான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று விளங்கியது. எங்கள் தெருப் பெண்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி வேன் ஊருணிக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டில், ஆறே முக்காலுக்கு வரும். யாருக்காகவும் நிற்காது. கரைமேல் நடந்தால் ஐந்து நிமிடம். பூட்டு விழுந்த பிறகு பஜாரைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். என் மருமகள் முதல் வாரத்திலேயே இரண்டு நாள் வேனை விட்டாள். மூன்றாவது தடவை விட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று போர்மேன் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவள் உழைப்பில்தான்.

"ஏன் அத்தே, ஊருணி எங்கயும் ஓடிப்போயிருமின்னா பூட்டுப் போட்டீக?" என்றாள்.

"நானா போட்டேன்? குழு போட்டுச்சு."

"குழுவுல நீங்க யாரு, தூணா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ குடித்து முடியும்வரை எனக்குத் தைரியம் வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "ஐயா, பொம்பளைக வேனுக்குப் போகணும். காலையில மட்டுமாவது கேட்டைத் தெறந்து விடணும்."

தலைவர் கனிவாகத்தான் பேசினார். "அம்மா, ஒரு நல்லது நடக்கையில சனங்களுக்குக் கொஞ்சம் செரமம் இருக்கத்தான் செய்யும். வருங்காலச் சந்ததியை நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். மருமகள் மூன்றாவது தடவை வேனை விடுவதுவரைதான் என் கண்ணுக்கு வருங்காலம் தெரிந்தது.

"நடக்கத்தான் ரோடு போட்டு வச்சிருக்கே, கரையில எதுக்கு நடக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இது புதுசா நடக்கதில்ல அண்ணாச்சி. எங்க மாமியா அந்தத் தடத்துலதான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாக. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து நானும் போனேன். கல்படி கட்டுததுக்கு முந்தியே தடம் கெடந்துச்சும்பாக."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கட்டுக்கு முந்தியா? அண்ணாச்சி, நோட்டை எடுங்க."

உயிரோடு நடக்கிறவர்களுக்குத் திறக்காத கேட்டை, செத்துப்போன என் மாமியாருக்குத் திறக்கச் சம்மதித்தார்கள். இருந்த காலத்தில் அவர் எனக்காக ஒரு கதவும் திறந்ததில்லை.

டேப் பிடித்துத் தடத்தை அளந்தார்கள். தொழிலாளர் பாரம்பரிய நடைபாதை என்று நாலு கலரில் போர்டு வந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. முறைப்படி திறந்துவைக்க மதுரையிலிருந்து ஒரு பெரியவர் வர வேண்டுமாம்; அவர் தேதி கிடைக்கவில்லை. அதுவரை மருமகள் நாலரைக்கே எழுந்து, ஈரத்தலையோடு பஜாரைச் சுற்றி ஓடினாள்.

ஒருவழியாகத் தேதி கிடைத்தது. காலை பத்து மணிக்கு விழா. அண்ணாச்சி என்னிடம் சாவியைத் தந்தார். விடியும்போதே இரண்டு கேட்டையும் திறந்து, பெருக்கி, கோலம் போட்டு, ரிப்பனைக் கட்டிவிட வேண்டும். பெரியவர் வருமுன் ஒருத்தரும் உள்ளே மிதிக்கக் கூடாது.

எல்லாம் செய்தேன். ஆறரை தாண்டியதும் தெருப் பெண்கள் தூக்குவாளியோடு மூச்சிரைக்க வந்து நின்றார்கள். பஜார் வழியாகப் போனவர்கள், பாதியில் திரும்பியிருக்கிறார்கள்.

"ரயில்வே கேட்டை அடச்சுட்டான் அத்தே. கூட்ஸ் வண்டி வேற, இப்பத் தெறக்க மாட்டான்" என்றாள் மருமகள்.

அந்தப் பக்கம், ரோட்டுக் கோடியில் வேன் ஹாரன் கேட்டது. குழுவின் தீர்மானம் ஒன்றும் அப்போது எனக்கு நினைவில் இல்லை. ரிப்பனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். "குனிஞ்சு போங்கடி, வெரசா!" அத்தனை பேரும் கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை இறக்கினேன்.

பத்து மணிப் பெரியவர் பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் அண்ணாச்சி கோலத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, இப்படிக் கலஞ்சு கெடக்கு?"

"ஆடு மிதிச்சிருச்சு அண்ணாச்சி."

ரிப்பன் வெட்டினார்கள். உழைக்கும் பெண்களின் காலடி பட்ட மண் என்று பெரியவர் வெகுநேரம் பேசினார். பிறகு போட்டோக்காரர், "நடந்து போற மாதிரி தொழிலாளிக ரெண்டு பேர் வாங்க" என்று கூப்பிட்டார். தொழிலாளிகள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குழு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"கேமராவைப் பாக்காம, சும்மா இயல்பா நடங்கம்மா" என்றார்கள். இயல்பாக நடக்க வருவதற்குள் நாலு தடவை போய்த் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் மருமகள் கரை வழியாகவே வீட்டுக்கு வந்தாள்.

"விழாவுல மொத ஆளா நடந்தது யாரு அத்தே?"

"நான்தானாம். பேப்பர்ல போடுவாகளாம்."

"அப்போ காலையில ஓடுன நாங்க?"

"நீங்க ஆடு" என்றேன்.