ஐந்து மீட்டர் கூடலாம், குறையலாம்

கல்வராயன் மலையில் எங்கள் நிலத்தை அளக்க வந்த சர்வேயரின் பெயரை நான் கேட்கவில்லை. கூச்சம்தான் காரணம். ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தானில் நூல் கட்டிப் பென்சிலைத் தொங்கவிட்டிருந்தார். எந்த இடத்தையும் மூன்று முறை அளப்பது அவர் வழக்கம்.

காட்டு எல்லையில் நிற்கும் புளியமரத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் பாதி வருஷம் ஓடும். அவருடைய ஜிபிஎஸ் கருவி, மரம் காட்டுக்குள் இருப்பதாக முதலில் காட்டியது. அடுத்த முறை எங்கள் நிலத்தில் காட்டியது. மூன்றாம் முறை மறுபடியும் காட்டுக்குள்.

"ரெண்டு தபா உள்ள காட்டிட்ச்சு சார். காடுன்னு எழுதிக்கினு கெளம்புங்க" என்றார் கூட வந்த வனக்காவலர்.

"நடுவுல ஒரு தபா வெளிய காட்டுச்சே, அத இன்னா பண்றதுங்க?"

"சர்வேயருக்கே தெரியலன்னா வேற யாருக்கு சார் தெரியும், மரத்துக்கா? ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க. எனக்குத் தெரியலியே."

அளவுத் தாளின் குறிப்புக் கட்டத்தில் சர்வேயர் நிதானமாக எழுதினார்: 'ஐந்து மீட்டர் கூடலாம், குறையலாம். இதை வைத்து மரம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யக் கூடாது. எல்லைக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளக்கவும்.'

பிறகு கள்ளக்குறிச்சி அலுவலகத்தில், மரம் காட்டுக்குள் என்றார்கள். பேச வராத நான் மேசையில் இருந்த தாளில் அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். எடுக்கவே இல்லை. சங்கிலி வந்தது. மரம் எங்கள் பக்கம் ஓர் எட்டு உள்ளே நின்றது.

அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. அவர் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. ஆனால், தெரியாததைத் தெரியாது என்று அரசாங்கத் தாளில் எழுதிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வேன்.