பெரிமா ராஜ்யத்தின் குகட்பள்ளிக் கிளை

சூசைராஜுக்கு வாய் இருந்தது. அதிலிருந்து ஒரு சொல் வெளியே வருவதற்குள் எதிரே நிற்பவருக்குப் பொறுமை போய்விடும், அவ்வளவுதான். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ், தெலுங்கு, தக்கனி உருது மூன்றும் தெரியும். எந்தப் பாரபட்சமும் இல்லாமல் மூன்றிலும் திக்குவார். "கு... கு..." என்று இவர் தொடங்கி, குகட்பள்ளி என்று முடிப்பதற்குள் ஆட்டோ அடுத்த சவாரியை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

வேலை ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில், பேக்கிங் சூப்பர்வைசர். அங்கிருந்து மலேரியா மாத்திரை ஆப்பிரிக்காவுக்குப் போகும். ஒரு முறை மருந்து முகாமுக்காக மேனேஜரே போவதாக இருந்தது. புறப்படும் நேரத்தில் மனிதருக்கு அம்மை போட்டுவிட்டது. கைவசம் பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னொரு ஆள் சூசைராஜ்தான். துபாய்க்குப் போகலாமென்று எடுத்தது. இன்டர்வியூவில் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் அவர் பெரிமாவுக்குப் போய்ச் சேர்ந்தார். குடியரசு நாடு ஒன்றுக்குள்ளேயே தனக்கென்று ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய குட்டி ராஜ்யம் அது. அதன் முதல் ராஜா ஒரு வேட்டைக்காரன், படுவாயாடி. கண்டவனையெல்லாம் திட்டி, ஊர்ச் சண்டையை வீட்டுக்கு இழுத்துவந்தான். அவன் செத்த கையோடு பெரியவர்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள்: இனி ராஜா நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவன் காதில் சொல்லவேண்டியது. அவன் உரக்கச் சொல்வான். அவனுக்கு 'நாக்கு' என்று பதவி. ராஜா மறந்துபோய் வாயைத் திறந்தாலும் அந்த நிமிஷமே பட்டம் போச்சு. இந்த ஏற்பாட்டில் ராஜ்யம் ஓகோவென்று வளர்ந்தது. வெள்ளைக்காரன்கூட ராஜாவைப் பேசவைக்கப் பார்த்து அலுத்துப்போய், பக்கத்து ராஜ்யத்தைப் பிடித்துக்கொண்டான்.

வரவேற்பு விழாவில் எல்லோரும் ராஜாவை வாய் வலிக்கப் புகழ்ந்தார்கள். சூசைராஜ் மட்டும் வேர்த்து வழிந்தபடி பேசாமல் நின்றார். கிழவரான ராஜா அசந்துபோனார். பிறவியிலேயே ராஜகுணம் உள்ள ஆள் என்று நினைத்து, கோடுபோட்ட மேலங்கியும் தலைப்பாகையும் கொடுத்து 'மௌனத் தலைவர்' என்று பட்டம் சூட்டிவிட்டார். திரும்பி வரும்போது விமானத்தில் சூசைராஜ் அழுதார். வாழ்நாள் முழுக்கக் கேலி வாங்கித்தந்த ஒன்றுக்காக ஒரு ஊரே எழுந்து நின்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

"ஹவ், ரொம்ப அழகு. கைக்கு இந்த வேஷம், எதுக்கு?" என்று தக்கனி கலந்து கேட்டாள் மனைவி ரோஸ்லின். அவள் தம்பி பாபு சிரிக்கவில்லை. அவன் பிளாட் விற்கும் புரோக்கர். தண்ணீர் வராத இடத்தை ஏரிக்கரை என்று விற்கிறவன். குகட்பள்ளியில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் சங்கக் கூட்டத்துக்கு மாமாவை மேலங்கியோடு அழைத்துப்போய், தானே நாக்கானான்.

மாமா காதில் முணுமுணுப்பார். "தலைவர் என்ன சொல்றார்னா..." என்று பாபு மூன்று பாஷையிலும் முழங்குவான். அவனிடம் வாதாடினால், நான் வெறும் நாக்கு என்பான். தலைவரைப் பார்த்தால் அவர் பேசமாட்டார். யாருக்கும் யாரை எதிர்ப்பதென்றே தெரியவில்லை. சூசைராஜ் போட்டியில்லாமல் தலைவரானார். லிஃப்ட் ஓடியது, கார் நிறுத்தும் சண்டை ஓய்ந்தது. நாலு வார்த்தை முணுமுணுத்தால் அரைமணி நேரப் பேச்சு வந்தது. அதில் பாதி தான் சொன்னதில்லை என்று சூசைராஜுக்குத் தெரியும். ஆனாலும், இவ்வளவு நன்றாகவா பேசுகிறோம் என்று பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் வரும்போது பெரிமாவில் கம்பெனி மாத்திரையை விற்கும் ஏஜெண்டு அனுப்பிய வீடியோ வந்தது. நாக்குக்காரன் ராஜாவின் பேரைச் சொல்லிச் சாமிக்காட்டைச் சுரங்கக்காரர்களுக்கு விற்றுவிட்டான். இல்லையென்று சொல்ல ராஜா வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ராஜா இல்லை. மரங்கள் விழ ஆரம்பித்ததும் கிழவர் சந்தை நடுவில் எழுந்து நின்று, "நான் சொல்லவே இல்லை!" என்று கத்திவிட்டார். மரம் வெட்டுவது நின்றது. ராஜ்யமும் நின்றது. பட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் கோர்ட்டுக்குப் போக, அரசாங்கம் அரண்மனையைப் பூட்டி, இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறதாம். கிழவர் கொடுத்த பட்டங்களும் செல்லாது என்று ஏஜெண்டு எழுதியிருந்தான். சூசைராஜ் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாட்ச்மேன் யாதகிரியின் பேச்சு வந்தது. படிக்கட்டுக்குக் கீழே ஒரே அறையில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளுமாகக் குடியிருந்தார். கேமரா வைத்தாயிற்றே, இன்னும் ஆள் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். சூசைராஜ் பாபுவின் காதில், "இ... இருக்கட்டும் விடு" என்றார்.

"தலைவர் என்ன சொல்றார்னா," என்று எழுந்தான் பாபு, "இந்த மாசக் கடைசிக்குள்ள அந்த ரூம் காலியாகணும். அங்க சங்கத்துக்கு ஒரு ஆபீஸ் போடணும். பொறுப்பை என்கிட்டயே விட்டிருக்கார்."

யாதகிரி கதவோரம் நின்றிருந்தார். பாபுவைப் பார்க்கவில்லை, சூசைராஜையே பார்த்தார். பேசாமலிருந்தால் மேலங்கி மிஞ்சும், மரியாதை மிஞ்சும். பேசினாலோ இத்தனை பேருக்கு முன்னால் பழைய திக்குவாயன். அந்தப் பயம் சின்னப் பயமல்ல. அவருக்கு நினைவு தெரிந்த நாள் முதலாகக் கூடவே இருப்பது.

எழுந்தார். தலைப்பாகையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"நே... நே... நேனு..." என்று தெலுங்கில் ஆரம்பித்தார். யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. "நேனு அ... அட்ல செப்பலே." நான் அப்படிச் சொல்லவில்லை. "யாதகிரி இ... இக்கடனே உண்டாடு." யாதகிரி இங்கேயேதான் இருப்பான்.

எல்லோரும் சூசைராஜையே திரும்பிப் பார்த்தார்கள். பாபு மட்டும் பழக்கதோஷத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையை உயர்த்தினான்.

"தலைவர் என்ன சொல்றார்னா..."

"வா... வா..." என்றார் சூசைராஜ். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை; கடைசிவரை காத்திருந்தார்கள். "வாயை மூடுடா."