வலது கதவில் ஓர் எதிரி

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடி விற்கிறவர் இல்லை. கீழ்த்தளத்தில் கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அவர் கை பட்ட கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அப்படி வந்த பெயர்.

சின்ன வயதில் பெயிண்டு பட்டறையில் சேர்ந்தவர். அந்த வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் பாலிஷுக்கு மாறினார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பிளக், துணி காயப்போட ஒரு கொடி. பதினோரு வருஷமாக அதுதான் அவருடைய ராஜ்யம்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

"நாலு வண்டியில கீறல். நாலும் நீங்க பாலிஷ் போட்ட வண்டி. தூசி படிஞ்சு கெடக்கிற வண்டிங்கள்ல ஒரு கோடுகூட இல்ல. நான் என்னன்னு நினைக்கிறது?" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடை வராமல் விடமாட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணிடுங்க."

கண்ணாடிக்காரருக்குத் தன் துணிமேலேயே சந்தேகம் வந்தது. துணியில் மணல் ஒட்டியிருக்குமோ? இருந்த துணியையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, புதுத்துணியால் நான்கு வண்டிகளையும் மறுபடி தேய்த்தார். கீறல் மறைந்தது. முன்பைவிட இரண்டு மடங்கு பளபளப்பு. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், கீறலும் இரண்டு மடங்கு.

அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத கணவரைப் பார்த்துக் கேட்டார்: "கீறல் எந்த உயரத்துல இருக்கு?"

"முழங்கால் உயரம்."

"வண்டியைக் கீறுறவன் குனிஞ்சு கஷ்டப்பட்டா கீறுவான்? விடியறதுக்குள்ள போய் மறைஞ்சு உக்காந்து பாருங்க. இங்க உக்காந்து என்னைப் பாத்து என்ன ஆகப்போகுது?"

வியாழக்கிழமை விடிகாலை. தூணுக்குப் பின்னால், ஒரு ஃபிளாஸ்க் டீயோடு உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தபோது, கீழ்த்தளத்துச் சரிவில் ஒரு ஆண்மயில் இறங்கி வந்தது. வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரர் மாதிரி அப்படி ஒரு நடை.

மயில்கள் அந்தப் பக்கம் புதிதல்ல. பின்னால் இருந்த புதர்க்காட்டில் கட்டடங்கள் முளைத்தபோது அவை ஊரைவிட்டுப் போகவில்லை. செல்போன் கோபுரத்தில் தூங்கின. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடித்தன. "ஹாரன் அடிச்சா ஸ்கூட்டர்காரன் ஒதுங்க மாட்டான், மயில் ஒதுங்கும்" என்று மனைவியே சொல்வதுண்டு.

மயில் தூசி வண்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பளபளத்த கறுப்பு வண்டியின் முன் நின்றது. கழுத்தை நிமிர்த்தியது. வலது கதவுக்குள் இன்னொரு மயில் கழுத்தை நிமிர்த்தியது. அவ்வளவுதான், எகிறிப் பாய்ந்து அலகால் ஒரு கொத்து, காலால் இரண்டு உதை.

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாய் பிளந்து நின்றவருக்குச் செல்போனை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. தன் பாலிஷை நிஜமென்றே நம்பிச் சண்டைக்கு வந்த முதல் ஆள்!

"மயிலா?" என்றார் விஷயத்தைக் கேட்ட செயலாளர். "நாளைக்கு மான்னு சொல்வீங்க."

"சார், உங்க வண்டியையே பந்தயத்துக்கு விடுங்க. பாலிஷ் போட்டு, கதவு மேல கண்ணாடி மாதிரி ஃபிலிம் ஒட்டிடறேன். ஒரு கோடு விழாது."

வெள்ளிக்கிழமை தூணுக்குப் பின்னால் மூன்று தலைகள். வேன் எடுக்கும் முன் வேடிக்கை பார்க்க மனைவியும் வந்திருந்தார். செயலாளரின் வழுக்கையில் விளக்கு மின்னியது.

"அவரைத் துண்டு போட்டுக்கச் சொல்லுங்க," என்று மனைவி கணவர் காதில் கிசுகிசுத்தார். "மயிலுக்குக் குழப்பமாயிடும்."

மயில் வந்தது. குழப்பமே இல்லை; நேராகச் செயலாளர் வண்டிக்குத்தான் போனது. டொக்.

"ஐயோ, என் வண்டி!" என்று துள்ளி எழுந்தார் அவர். மயில் ஒரு கணம் அவரை அலட்சியமாகப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உதைக்கத் தொடங்கியது. செயலாளருக்கு விடை கிடைத்துவிட்டது. இடம் காலி பண்ணும் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

அன்று மாலையே கண்ணாடிக்காரர் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கறுப்புக் கார் கதவைத் தூக்கிவந்தார். சரிவின் மேல், சுவரோரம் சாய்த்துவைத்தார். இப்போது தினமும் அவருடைய முதல் வேலை அதற்குப் பாலிஷ் போடுவது. மயில் வருகிறது, பத்து நிமிஷம் சண்டை போடுகிறது, ஏசித் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறது. கீழே இறங்குவதே இல்லை.

நடைப்பயிற்சிக்கு வரும் செயலாளர் கேட்பார்: "இன்னைக்கு யாரு ஜெயிச்சா?"

"டிரா, சார்."

மனைவிக்கு மட்டும் ஒரு குறை. "மயிலோட கதவுக்குத் தினமும் பாலிஷ். என் வேன்ல மட்டும் பிள்ளைங்க விரலால பேர் எழுதுற அளவுக்குத் தூசி!"

"தேய்க்கலாம்மா, அதுக்கென்ன," என்றார் கண்ணாடிக்காரர், துணியை உதறியபடி. "அப்புறம் சிக்னல்ல நம்ம மயில் சண்டைக்கு வந்தா, நீதான் இறங்கிச் சமாளிக்கணும்."