இலுப்பைக் காட்டுக்கு அப்பால் கோட்டையூர் டவர்

கொத்தமங்கலத்துக்கு இணையம் கொண்டுவந்தவன் அருள்பாண்டி. கோட்டையூர் டவரிலிருந்து வரும் சிக்னலைப் பெரிய வீடு ஒன்றின் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்துப் பிடித்து, ஊருக்குக் கொடுத்தான். நடுவில் அய்யனார் கோவில் காடு. இலுப்பை மரங்கள் இலை உதிர்த்திருந்த பங்குனியில் பைனாகுலரில் பார்த்தபோது எதிர் ஆன்டெனா பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டான், மடையன். ரேடியோ அலைக்கு அந்த ஒற்றைக் கோடு பத்தாது. அந்தக் கோட்டுக்கு நாலாபுறமும் வயிறு பெருத்தாற்போல் ஓரிடம் காலியாக இருக்க வேண்டும்.

ஐப்பசியில் அந்த இடமெல்லாம் இலை. மழையில் நனைந்த இலை சிக்னலைக் குடித்தது. அந்தக் காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

சிக்னல் அறவே நின்றுபோன ஒரு மழைநாளாகப் பார்த்து, ஆன்டெனா இருந்த வீட்டுக்கு எதிர்வீட்டுக் குழந்தைவேலு இறந்தார். மகன் கோபிநாத் சவூதியில். லீவு கிடைக்கவில்லை. தன் பேரில் தங்கை யோகலட்சுமி அப்பாவுக்கு வாய்க்கரிசி போடுவதைப் போனிலாவது பார்க்க வேண்டும் என்று அழுதான். அந்த ஊரில் செல்போனில் பேச்சே தட்டுத் தடுமாறித்தான் வரும். படத்துக்கு அருள்பாண்டியை விட்டால் நாதியில்லை.

“நாலு மணிக்கு எடுத்துருவோம். மழை வலுக்குது,” என்றார் ஊர்ப் பெரியவர் வயிரவன்.

“ஒரே ஒரு கிளைய வெட்டிக்கிறேன்யா,” என்று அருள்பாண்டி அவர் காலைப் பிடித்தான்.

“செத்தவுகளே எந்திரிச்சுக் கேட்டாலும் அந்தக் காட்டுல அருவா விழாது. எந்திரிப்பா.”

மணி மூன்றரை. இலைக்கு மேலே எட்டட்டும் என்று இரண்டு குழாய்களைச் சேர்த்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவை மாட்டி, மாடியில் தூக்கி நிறுத்தினான். இழுத்துக் கட்டக் கம்பி இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். மின்னல் வேறு.

“அண்ணே, படம் வந்துருச்சு! அசையாதீக!” என்று கீழேயிருந்து யோகலட்சுமி கத்தினாள்.

அழுகை சற்று அடங்கியது. அரிசியை எடுக்கப் போகிறாள் என்று தெரிந்தது. அப்போதுதான் காற்று அடித்தது. குழாய் கையில் வழுக்கிச் சாணளவு திரும்பியது.

எங்குட்டுத் திருப்புவது? மழையில் கோட்டையூரும் தெரியவில்லை, காடும் தெரியவில்லை. அங்குட்டும் இங்குட்டும் திருப்பினான். வாய்விட்டு அழுதான். கீழே சங்கு ஊதினார்கள்.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. கோபிநாத்.

“அண்ணே, அரிசிய அள்ளையில நின்னுபோச்சுண்ணே. இன்னும் போடலைல? செத்த நேரம் இருக்கச் சொல்லுங்கண்ணே. படம் வந்துரும்ல?”

பாடை தெருமுனை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“வந்துரும்ப்பா,” என்றான் அருள்பாண்டி.