ரிசர்வில் கிடந்த குழாய்

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குத் தெய்வபக்தி உண்டு என்று எட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு அவரோடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும்போது என்றாவது ஒரு நாள் வண்டி திடீரென்று இருமும். இழுத்து இழுத்து நிற்கப் பார்க்கும். "கண்ணு, கருப்பராயனை மூணு தடவை கூப்புடு" என்பார். டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கூப்பிடுவேன். மூன்றாவது தடவைக்குள் வண்டி சீராக ஓடத் தொடங்கிவிடும். இதை வகுப்பில் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டதில் எனக்கு இரண்டு பென்சில்கள்கூடக் காணிக்கையாக வந்தன.

கண்ணை மூடாமல் கூப்பிட்ட ஒரு நாளில் குட்டு உடைந்தது. சித்தப்பாவின் இடக்கை டேங்குக்கு அடியில் போய் எதையோ திருகிவிட்டு வந்தது.

அப்பாவிடம் கேட்டேன். தேங்காய் உரித்துக்கொண்டே சொன்னார். ரிசர்வ் என்று தனி டேங்க் கிடையாது. ஒரே டேங்குக்குள் ஒரு பைப் உயரமாக நிற்கும். அடியில் இன்னொரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் அந்தப் பைப்பின் வாய்க்குக் கீழே இறங்கினால் வண்டி இருமும். அப்போது, சித்தப்பா திருகிய அந்தக் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினால், அடியில் மிச்சம் கிடப்பது ஓட்டை வழியாக வரும். "நெரப்புனதும் மறக்காம பழையபடி திருப்பி வெக்கோணும். இல்லீன்னா அடுத்தவாட்டி சொல்லாம கொள்ளாம நின்னு போயிரும்" என்றார்.

கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சித்தப்பா டேங்க் நிறைய பெட்ரோல் அடித்துவந்து மாட்டுக்கொட்டகை பக்கம் வண்டியை நிறுத்திய அன்று, ஓசைப்படாமல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பிவைத்தேன். அடுத்த முறை அவர் கை திருகும், ஒன்றும் நடக்காது, முழி பிதுங்கும். என்னை ஏமாற்றியதற்கு அவ்வளவுதான் தண்டனை.

அந்த அடுத்த முறை, அத்தையின் பரீட்சை நாளாக வாய்த்தது. அத்தை சித்தப்பாவுக்கு அக்கா. கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்திருந்தார். அரசு வேலைக்கான அந்தத் தேர்வை எழுத, வயது வரம்புப்படி அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் மடியில் புத்தகம் இருக்கும். பரீட்சை பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில், ஒன்றரை மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பஸ் வராததால் சித்தப்பா வண்டியை எடுத்தார். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாதென்று அம்மா ஒரு கூழாங்கல்லை நான்காவது ஆளாகச் சித்தப்பாவின் சட்டைப் பையில் போட்டார்.

வழியில் பங்க் வந்தது.

"பெட்ரோல் இருக்குதா தம்பி?"

"இன்னும் வண்டி இருமவே இல்லீங்கக்கா. ரிசர்வு அப்படியே கெடக்குது. சாயங்காலம் கோபாலபுரம் தாண்டிப் போயி அடிச்சுக்கலாம்."

தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் எங்கள் ஊரில் கெட்டிக்காரர்கள் யாரும் கேரளத்தில் டேங்கை நிரப்பமாட்டார்கள். எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. திட்டு விழுமே என்று விழுங்கிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வயல்களுக்கு நடுவே ஒரே ஒரு இருமலோடு வண்டி நின்றது. சித்தப்பாவின் கை கீழே போனது. குழாய் ஏற்கெனவே ரிசர்வில் கிடந்தது. கை அங்கேயே இருக்க, கண் மட்டும் என்மேல் வந்து நின்றது. நான் கருப்பராயனைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

"என்னாச்சு தம்பி?" என்றார் அத்தை.

"எம்பட தப்புதானுங்கக்கா. போன வாரம் நாந்தான் ரிசர்வுல திருப்பி உட்டேன். மறந்தே போயிட்டேன்."

வண்டியை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடித்தார். டேங்கின் வலப்பக்கம் தேங்கியிருந்தது குழாய்ப் பக்கம் வழிந்து வந்து, ஒரு மைல் போல ஓடிற்று. மிச்சத்துக்குத் தள்ளினோம். அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

"டைம் கழிஞ்ஞு சேச்சி" என்றார் சாத்திய கேட்டுக்கு உள்ளிருந்த காவலாளி. அத்தை ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆடி வரைக்கும் அத்தை சித்தப்பாவோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். பொறுப்பு கெட்டவன் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "ஆமாங்க, மறந்துட்டனுங்க" என்று சித்தப்பா எல்லாருக்கும் தலையாட்டினார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். தான் தொடாத குழாயைத் தானே திருப்பியதாக நம்பும் அளவுக்கு ஒரு பெரிய ஆளுக்கு மறதி இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் இளக்காரமும் வந்தது. சித்தப்பாவுக்கு அப்படியொரு மறதியைக் கொடுத்ததற்காக, அந்த இரண்டு பென்சில்களையும் கொண்டுபோய்க் கருப்பராயன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.