மினாரு கேட்ட மறுசோறு

"குடோ மினாரு! இன்னொரு கிண்ணம் சோறு!"

சாப்பாட்டு அறையிலிருந்து வந்த கத்தலில் சமையலறையே அதிர்ந்தது. ஜப்பானின் செண்டாய் நகரிலிருந்த அந்த மாணவர் விடுதியில், அவரவர் தன் பெயரைச் சொல்லிக் கத்தினால்தான் மறுசோறு. பல வருடமாக அங்கே சமைக்கும் ஓரியே சிரித்தபடி அகப்பையை எடுத்தாள்.

எதிரே நின்ற மினாருவின் அப்பா சட்டென்று சாப்பாட்டு அறைப் பக்கம் திரும்பினார். வாய் திறக்காத பிள்ளை அரைவயிறாகக் கிடப்பான் என்று பயந்து, படிப்பை நிறுத்தி அழைத்துப்போக வந்தவர் அவர்.

"அது... எங்க பையனா?"

"பின்னே? முதல்ல பூனை மாதிரி முனகினான். நானும் மனசைக் கல்லாக்கிட்டு, 'கேக்கல, கேக்கல'ன்னே நின்னேன். இப்ப பானையே காலி! கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா. சாப்பிடட்டும்."

பொங்கிய கண்ணீரோடு சிரித்து, ஆழமாகக் குனிந்து வணங்கி, அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகவே போனார்.